சும்மா இரு, மஹிமா!

மஹிமாவுக்கு முன்பே அவள் கால்கள் விழித்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கே கட்டிலை உதைக்க ஆரம்பித்துவிட்டன.

"சும்மா இரு, மஹிமா!" என்றாள் பக்கத்தில் படுத்திருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே.

இதை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பாள். வகுப்பில் பெஞ்சை ஆட்டினால் டீச்சர் சொல்வார். சாப்பிடும்போது காலை ஆட்டினால் அம்மா சொல்வாள். பதினோரு வயதுக்குள் சைக்கிள், நீச்சல், வங்க மொழி என்று எத்தனையோ கற்றுக்கொண்டவளுக்குச் சும்மா இருப்பது மட்டும் கைவரவேயில்லை.

அதிலும் இன்று எப்படிச் சும்மா இருப்பது? கொல்கத்தாவின் நடுவே பரந்து கிடக்கும் மைதான் புல்வெளியில் பள்ளிகளுக்கு இடையே ஓட்டப் பந்தயம். நான்கு பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓட வேண்டியவள் மஹிமா. எட்டரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். நான்கு பேரில் ஒருத்தி இல்லாவிட்டாலும் அணியையே விலக்கிவிடுவார்கள்.

அப்பா இராஜமாணிக்கம் துளிகூடக் கவலைப்படவில்லை. அவருக்குக் கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வரும் என்று குறித்து வைக்கிறவர் அவர். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று, சனிக்கிழமை காலையில், கடிகாரமும் கையுமாகத் தனியாக மைதான் வரை போய் ஒத்திகையே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வீட்டுல இருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிஷம். மெட்ரோவுல பத்து நிமிஷம். ஏழரைக்குக் கிளம்புனா போதும், எட்டு மணிக்கு நீ புல்லுல நிப்ப" என்றார்.

"ஏழு மணிக்கே போவோம்ப்பா!"

"அங்க போயி என்ன செய்யப் போற? புல்லு புடுங்கவா?"

ஆனால் ஏழு மணிக்கு மஹிமா ஓட்டப் பையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் தாங்க முடியாமல் அப்பா கிளம்பினார்.

லேக் கார்டன்ஸ் தெருக்களைத் தாண்டி இருவரும் ரவீந்திர சரோபர் மெட்ரோ நிலையத்தை அடைந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு நிமிடம். அப்பா பெருமையோடு கடிகாரத்தைக் காட்டினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். நிலையத்தின் இரும்புக் கதவு இழுத்துப் பூட்டியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி ஒன்பது மணிக்குத்தான்" என்றார் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி, வங்க மொழியில். மஹிமா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"அதெப்படி? நேத்து இதே நேரத்துக்கு ஓடிச்சே!"

"நேத்து சனிக்கிழமைப்பா!"

அப்பா கடிகாரத்தை மெல்ல மறைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கொல்கத்தா வந்த நாள் முதலாக ஞாயிறு என்றால் அவர்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல், மீன் குழம்பு. ஒரு ஞாயிறுகூடப் பத்து மணிக்கு முன்னால் யாரும் வாசலைத் தாண்டியதில்லை. அப்புறம் மெட்ரோ எப்போது ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா போனை எடுத்து வாடகைக் கார் தேடினார். ஒரு டிரைவர் வருகிறேன் என்றார், வரவில்லை. இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது கார் போன் திரையில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. இதற்குள் மணி ஏழே முக்கால்.

மஹிமா அப்பாவின் கையைப் பிடித்து எட்டி எட்டித் திரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய தோழி ஸ்னேகா போன் செய்தாள். தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடி, மஹிமா கையில் கட்டையைக் கொடுக்க வேண்டியவள் அவள்தான்.

"நீ எங்கே? மிஸ் ரெண்டு தடவை கேட்டுட்டாங்க! நீ வரலைன்னா நாம அவுட், தெரியும்ல?"

"வந்துட்டே இருக்கேன்!" என்றாள் மஹிமா. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்ததால் அது முழுப் பொய்யும் இல்லை.

போனைக் கொடுத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துச் சாலைக்கு இழுத்தாள். அதோ, மைதான் வழியாகத் தர்மதலா போகிற பஸ்! இருவரும் ஏறினார்கள். மஹிமா டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கையைப் பிடித்தாள்.

பஸ் கிளம்பியது. கிளம்பியது என்றா சொன்னேன்? ஊர்ந்தது. ஒவ்வொரு சந்து முனையிலும் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "தர்மதலா! தர்மதலா!" என்று காலியான சந்துகளைப் பார்த்துக் கூவினார். கையில் பால் பாக்கெட்டோடு நடந்துபோன ஒருவர் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார்.

"எங்க ஊரு தேரு இதைவிட வேகமாப் போகும்" என்று அப்பா முணுமுணுத்தார்.

வழியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்க எழுந்தாள். உடனே கண்டக்டர், "ஆஸ்தே லேடீஸ்! கோலே பச்சா!" என்று உரக்கக் கத்தினார். டிரைவர் வண்டியை அசையாமல் நிறுத்தினார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் அப்பா.

"மெதுவா நிறுத்து, லேடீஸ் இறங்குறாங்க, மடியில குழந்தை இருக்குன்னு சொல்றாருப்பா. இதைக் கேட்டா எந்த டிரைவரும் நிறுத்திடுவாரு."

பஸ் மறுபடியும் ஊர்ந்தது. மஹிமாவால் தாங்க முடியவில்லை. எழுந்து கண்டக்டரிடம் போனாள்.

"காக்கு, கொஞ்சம் வேகமாப் போகக் கூடாதா?" காக்கு என்றால் வங்க மொழியில் சித்தப்பா.

"வண்டியில மொத்தம் ஒன்பது பேரும்மா. ஆள் ஏறாம எப்படி ஓட்டுறது? ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் தூங்குது."

தூங்காத பாதி ஊர் எங்கே இருக்கும்? மஹிமா விரலால் கம்பியைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். சட்டென்று அவள் விரல் நின்றது.

"காக்கு! எங்களை மாதிரி ஏமாந்தவங்க ஒவ்வொரு மெட்ரோ வாசல்லயும் நிப்பாங்க! சந்துக்குச் சந்து நிறுத்தாதீங்க. மெட்ரோ வாசல்ல மட்டும் நிறுத்துங்க. நானே கூப்பிடுறேன்!"

கண்டக்டர் தாடையைச் சொறிந்தார். "காலிகாட்ல பார்ப்போம். ஆள் இல்லைன்னா நீ போய்ச் சும்மா உட்காரணும்."

காலிகாட் மெட்ரோ வாசலில் பூட்டிய கதவைப் பார்த்தபடி ஒரு கூட்டமே நின்றது. கிரிக்கெட் மட்டைகளோடு நான்கு பையன்கள். மிருகக்காட்சி சாலைக்குப் போக டிபன் கூடையோடு ஒரு குடும்பம். நடைப்பயிற்சிக் குழுவாக ஏழெட்டுப் பேர். மஹிமா ஜன்னல் வழியே தலையை நீட்டி, வங்க மொழியிலும் இந்தியிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள்.

"மெட்ரோ ஒன்பது மணிக்குத்தான்! மைதான் போறவங்க இதுல ஏறுங்க!"

அத்தனை பேரும் ஏறினார்கள். கண்டக்டர் வாயெல்லாம் பல்லாக வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். போதாக்குறைக்கு அதே தடத்தில் ஓடும் இன்னொரு பஸ்ஸும் பின்னால் வந்துவிட்டது. அது முந்திவிட்டால் வழியில் நிற்கும் ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஊர்ந்த தேர் இப்போது பறந்தது.

"அடேயப்பா!" என்று அப்பா மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டார். மணி எட்டே கால். மஹிமாவுக்கு அன்று முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

அடுத்த மெட்ரோ நிலையம் ஹாஜ்ராவில். வண்டிதான் நிறைந்துவிட்டதே! பின்னால் வந்த பஸ்ஸோ ஹாரன் அடித்தே காதைக் கிழித்தது. இங்கே நிற்பதில்லை என்று டிரைவர் முடிவு செய்துவிட்டார்.

அப்போதுதான் மஹிமா அவளைப் பார்த்தாள்.

பூட்டிய கதவுக்கு முன்னால் சிவப்புச் சட்டையில் ஒரு பெண். பியாலி! போன மாதம் ஜாதவ்பூரில் நடந்த போட்டியில் மஹிமாவை ஒரு கை தூரத்தில் தோற்கடித்தவள். இன்றும் அவள் அணிக்குக் கடைசி ஓட்டக்காரி அவள்தான். பக்கத்தில் அவளுடைய மாமா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பியாலி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வராவிட்டால் அந்த அணி விலக்கப்படும். முதல் பரிசு மஹிமாவின் அணிக்குத்தான். மஹிமா எதுவும் செய்ய வேண்டாம். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஐந்தே ஐந்து விநாடி சும்மா இருந்தால் போதும்.

அதுதான் அவளுக்கு வராதே!

"ஆஸ்தே லேடீஸ்! கோலே பச்சா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

டிரைவரின் கால் பழக்கத்தில் பிரேக்கை அழுத்தியது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டபடி முந்திக்கொண்டு போனது.

"யார் இறங்குறது? குழந்தை எங்கே?" என்று கண்டக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

மஹிமா தன் மடியிலிருந்த ஓட்டப் பையைத் தூக்கிக் காட்டினாள். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"பியாலி! ஏறு! மெட்ரோ ஒன்பது மணிக்குத்தான்!"

பியாலியும் மாமாவும் ஓடிவந்து ஏறினார்கள். பியாலிக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீடு ஊருக்கு வெளியே பாருய்பூர்ல. நேத்து ராத்திரி மாமா வீட்டுல தங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பத்தி மாமாவுக்கும் தெரியலை" என்றாள்.

"எங்க அப்பா ஒத்திகையே பார்த்தார்" என்றாள் மஹிமா.

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டார்கள்.

எட்டு இருபத்தாறுக்கு பஸ் மைதான் அருகே நின்றது. இரண்டு பெண்களும் குதித்து இறங்கிப் புல்வெளியில் ஓடினார்கள். பெயர் கூப்பிடுகிறவர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். ஸ்னேகா மஹிமாவைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துவிட்டு, பியாலியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இவளும் வந்துட்டாளா!"

"நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று ஸ்னேகா தலையில் கை வைத்தாள்.

பந்தயம் தொடங்கியது. சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே ஸ்னேகா பறந்து வந்தாள். அவள் நீட்டிய கட்டை மஹிமாவின் கையில் விழுந்ததும் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்த கால்களுக்கு விடுதலை கிடைத்தது. பக்கத்துக் கோட்டில் சிவப்புச் சட்டை. மஹிமா முந்தினாள். பியாலி முந்தினாள். மஹிமா எட்டிப் பிடித்தாள். இருவரும் ஒன்றாகப் போய் நாடாவில் விழுந்தது போலத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முதலிடம் பியாலியின் அணிக்கு. இரண்டாவது மஹிமாவின் அணி.

மஹிமாவுக்கு அழுகை முட்டியது. கொஞ்சம் அழுதும்விட்டாள். பியாலி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"போன மாசம் ஒரு கை நீளம். இன்னைக்கு ஒரு விரல் நீளம்தான்" என்றாள் பியாலி. "அடுத்த மாசப் பந்தயத்தை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு."

மஹிமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது மெட்ரோ ஓடிக்கொண்டிருந்தது. இடம் காலியாக இருந்தும் மஹிமா கம்பியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் கழுத்தில் தொங்கிய வெள்ளிப் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அந்த ஹாஜ்ராவுல மட்டும் நீ சும்மா இருந்திருந்தா, முதல் பரிசுல்லா வாங்கியிருப்ப?"

"சும்மா இருந்து வாங்குறதுக்கு, எதுக்குப்பா ஓடணும்?"

அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தபடி சட்டைப்பையிலிருந்து பேனாவையும் சீட்டையும் எடுத்தார். அடுத்த மாதப் பந்தயத்தின் தேதியை எழுதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படிக் குறித்துக்கொண்டார்: 'ஒத்திகை - ஞாயிற்றுக்கிழமை.'