பூட்டு போட்ட புதுக் கழிவறை

மலேசியாவின் செலண்டார் ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் கட்டிய புதுக் கழிவறையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சுவரில் மீன் ஓவியம், வாசலில் பூந்தொட்டி, கதவில் பெரிய பூட்டு. அழகுக் கழிவறைப் போட்டி நடுவர்கள் வரும்வரை உள்ளே யாரும் போகக்கூடாதாம்.

பழைய கழிவறைகள் இரண்டே இரண்டு. ஓய்வு நேரமோ இருபது நிமிடம். வரிசை சிற்றுண்டிச்சாலை வரை நீளும். முதலாம் ஆண்டு கிஷன் பாதி வரிசையிலேயே காற்சட்டையை நனைத்துவிட்டான்.

ஐந்தாம் ஆண்டு தேவிஸ்ரீ தன் விளையாட்டுக் காற்சட்டையை அவனுக்குக் கொடுத்தாள். அது அவன் கணுக்கால் வரை தொங்கியது.

"நாளைக்கு நான் தண்ணியே குடிக்க மாட்டேன்கா," என்றான் கிஷன்.

தேவிஸ்ரீக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை, தேவிஸ்ரீ உறுப்பினராக இருந்த மாணவர் பேரவை கூடியது. "ஏதாவது சொல்லணுமா?" என்று தலைமையாசிரியர் திருக்குமரன் வழக்கம்போலக் கேட்டார். வாரா வாரம் எல்லாரும் "ஒன்னும் இல்ல சார்" என்பார்கள். பிறகு பிஸ்கட் வரும்.

அன்று தேவிஸ்ரீ எழுந்தாள். பக்கத்திலிருந்த ஹரிதாஸ் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "உட்காரு லா. பிஸ்கட் வராம போயிடும்."

"சார், புதுக் கழிவறையத் திறந்து விடணும். சின்னப் பிள்ளைங்க அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க. தண்ணி குடிக்கவே பயப்படுறாங்க."

"இன்னும் பத்து நாள்தானம்மா? நடுவருங்க வர்றப்போ பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

"அவங்க ஒரு நாள்தான் வருவாங்க சார். நாங்க தினமும் வர்றோம்."

திருக்குமரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அழுக்காயிடுமே?"

"ஆகும் சார். எப்படிச் சுத்தமா வெச்சுக்கிறதுன்னு சின்னவங்களுக்கு நாங்க சொல்லித் தர்றோம்."

அவர் மேசையிலிருந்து சாவியை எடுத்தார். "வா, இப்பவே திறந்துடுவோம்."

பத்தாம் நாள் நடுவர் அம்மா வந்தபோது தரை ஈரமாக இருந்தது. உள்ளே கிஷன் பாடிக்கொண்டே கை கழுவினான்.

"பூட்டி வெச்சிருக்கலாமே சார்?" என்றார் அவர்.

"பூட்டித்தான் வெச்சிருந்தேன். அது தப்புன்னு சொல்லித் திறக்க வெச்சது இந்தப் பிள்ளை." வாசலில் நின்ற தேவிஸ்ரீயைக் காட்டிய தலைமையாசிரியரின் குரலில் அத்தனை பெருமை.

நடுவர் திரும்பினார். "உன் பேர் என்னம்மா?"

தேவிஸ்ரீ நிமிர்ந்து நின்றாள். சிற்றுண்டிச்சாலை வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தேவிஸ்ரீ தங்கையா. மாணவர் பேரவை."