ஓய்ஸ் என்றாள் மாரென்

"ஹலோ... என் பையை விடுங்க!"

மாரென் கத்திய கத்தலில் பஸ் நிறுத்தத்தில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதுகுப் பையைப் பிடித்திருந்தவன் மட்டும் விடவில்லை. அடுத்த நொடி அவள் மூக்கை உரசாத குறையாக ஆடுகளை ஏற்றிய டிரெய்லர் ஒன்று சர்ரென்று போனது. போகிற போக்கில், சாலையோரம் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை வாரி இரண்டு பேர் மேலும் இறைத்துவிட்டுப் போனது.

"எந்தப் பக்கம் பார்த்துட்டு ரோட்ல இறங்குனீங்க?" என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"இடது பக்கம்..."

"வண்டி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவனை முறைக்கலாம் என்றுதான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் முறைக்க மறந்துபோனாள். சாம்பலா, பச்சையா என்று சொல்ல முடியாத கண்கள்... மழையில் நனைந்த இமைகள்... அடப்பாவி, இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டா கேள்வி கேட்கிறான்?

"அமெரிக்காவா?"

"நெப்ராஸ்கா."

"அங்க உயிரைக் காப்பாத்தினவனைத் திட்டுறதுதான் வழக்கமோ?"

"காப்பாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்றது இங்க வழக்கம் இல்லையோ?"

"சொல்லிட்டுப் பிடிச்சிருந்தா, நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் பதில் சொல்லியிருப்பீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்தான். பஸ் வந்தது. அவனே கையைப் பிடிக்காத குறையாக, "இந்தப் பக்கம் நின்னா உங்க ஹாஸ்டலுக்கு எதிர்த்திசையில போயிடுவீங்க. எதிர்ப் பக்கம் போங்க... வலது பக்கம் பார்த்துட்டு!" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். பெயர் கெத்தின். பெயரிலேயே கெத்தா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆளிடமும் அது கொஞ்சம் உண்டு.

மாரென் வேல்ஸ் நாட்டின் கடலோர அபெர் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. கடலே இல்லாத ஊரிலிருந்து வந்த பெண். ஒரு பருவம் மட்டும் புவியியல் படித்துவிட்டு, டிசம்பர் பதினெட்டாம் தேதி ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தாள்.

இந்த ஊருக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் அறைக்குள் உட்கார்ந்து மழையைத் திட்டியே காலத்தைக் கழித்துவிடுவார்கள். இவள் அந்த ரகம் இல்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மலையேறும் கூட்டத்தோடு போனாள். பாடத் தெரியாமலே பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரியே நன்றி சொல்லப் பழகினாள். முதல் கட்டுரைக்கு நூற்றுக்கு அறுபத்து நாலு வந்தபோது மட்டும் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"அடியே லூசு, அறுபத்து நாலுன்னா இங்க நல்ல மார்க்குடீ!" என்று தலையில் தட்டினாள் பக்கத்து அறைக்காரி லௌரி. "எங்க அண்ணன் மூணு வருஷத்துல அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. அழுது முடிச்சுட்டுக் கேக் வாங்கிக் குடு!"

அன்றிலிருந்து இரண்டு பேரும் நகமும் சதையும் ஆனார்கள்.

இங்கேதான் ஒரு சின்ன வில்லங்கம் நடந்தது. லௌரி தன் அம்மாவோடு போனில் வேல்ஷ் மொழியில் பேசுவதை மாரென் தினமும் கேட்பாள். அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்க, இந்தப் பக்கம் இவள், "ஓய்ஸ்... ஓய்ஸ் மாம்... ஓய்ஸ்!" மாரெனுக்கு ஒரே குஷி. வேல்ஷில் 'ஆமாம்' என்பதற்கு வார்த்தை கிடைத்துவிட்டதே! நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டாள். இன்னொரு வார்த்தையும் அவளுக்குத் தெரியும்... கரியாட். லௌரி அவளைக் கூப்பிடுவது கரியாட். ரொட்டிக்கடை அம்மாள் கூப்பிடுவதும் கரியாட். தெருவில் போகிற பூனைகூட இந்த ஊரில் கரியாட்தான். சரி, 'கண்ணு' என்கிற மாதிரி ஏதோ ஒன்று என்று புரிந்துகொண்டாள்.

இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு, புதன்கிழமை மத்தியானம் நூலகத்துக்குப் பக்கத்திலிருந்த காபிக் கடைக்குப் போனாள். அங்கே ஒரு மேசையில் அரை மணி நேரம் ஆங்கிலம் பேசக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், புதிதாகப் படிப்பவர்கள் தட்டுத் தடுமாறிப் பதில் சொல்வார்கள்.

மேசையில் உட்கார்ந்திருந்தவன் கெத்தின்!

"நெப்ராஸ்கா! உயிரோடதான் இருக்கியா?"

"வலது பக்கம் பார்த்துட்டுத்தான் வந்தேன்..."

அன்றே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. புதன்கிழமைக்குப் புதன்கிழமை மேசை முடிந்த பிறகும் பேச்சு முடியவில்லை. மலைமேல் இருக்கும் தன் வீட்டு ஆட்டுப் பண்ணையைப் பற்றி அவன் சொல்வான். எட்டு மைல் தள்ளி இருப்பவனைப் பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லும் தன் ஊரைப் பற்றி இவள் சொல்வாள். அவன் சிரிக்கும்போது இடது கண் மட்டும் கொஞ்சம் முன்னதாகவே சிரிக்கத் தொடங்கிவிடும்... அதைப் பார்ப்பதற்காகவே இவள் இல்லாத கதையெல்லாம் சொன்னாள்.

ஐந்தாவது புதன்கிழமை. கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கெத்தின் கேள்வித் தாளைப் பார்த்து வேல்ஷில் கேட்டான்.

"உங்க ஊர்ல மாடு இருக்கா?"

"ஓய்ஸ்!"

"அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஓய்ஸ்!"

அவன் தாளை மடித்து வைத்தான். காபிக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், மெல்லிய குரலில்...

"ஓய்ஸ் கரியாட் தா தி?"

மாரெனின் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை. ஓய்ஸ்... கரியாட்... 'சரியா கண்ணு?' ஐயோ, என்னையா கண்ணு என்று கூப்பிட்டான்? இத்தனை நாளில் முதல் தடவையாக...! காது வரைக்கும் சிவந்து, முகமெல்லாம் பூரித்து, மேசையே அதிரும்படி சொன்னாள்.

"ஓய்ஸ்!"

கெத்தினின் இடது கண் சிரிக்கவில்லை. "ஓ... ரொம்ப நல்லது" என்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

அதற்கு அடுத்த புதன்கிழமை அவன் வேறு மேசையில் உட்கார்ந்திருந்தான். இவள் போய் நின்றபோது எழுந்து மரியாதையாகக் கேட்டான், "நீங்க நல்லா இருக்கீங்களா?"

நீங்க! அந்த ஒரு வார்த்தை ஊசி மாதிரி இறங்கியது அவளுக்குள்.

'நான் என்ன தப்பு செய்தேன்? அவன் என்ன பெரிய இவனா... நானாகப் போய்க் கேட்க வேண்டுமா? முடியாது.' ரோஷம் வந்தால் மாரெனும் லேசுப்பட்டவள் இல்லை. அதற்கடுத்த புதன்கிழமை அவள் போகவே இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

இதற்கு நடுவே ஒரு காகிதம் அவள் மேசையில் கிடந்தது. ஒரு பருவத்துக்கு வந்தவர்கள் விரும்பினால் ஜூன் வரை இருந்து வருஷம் முழுவதும் படிக்கலாம். கையெழுத்துப் போட்ட படிவத்தை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் டிசம்பரில் விமானம்தான்.

"அங்க அப்படி என்னம்மா இருக்கு, மழையைத் தவிர?" என்று அம்மா போனில் கேட்டாள்.

என்ன இல்லை? 'நீ என்ன நினைக்கிறாய்' என்று தன்னைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பேராசிரியை இருக்கிறாள். அலையில் கூழாங்கல் உருளும் சத்தத்தோடு விடியும் காலை இருக்கிறது. லௌரி இருக்கிறாள். இதையெல்லாம் விட்டுப் போக மாரெனுக்கு மனசே இல்லை. ஆனால் இருந்தால்... கெத்தினுக்காகத்தான் இருக்கிறாள் என்று அவனே நினைத்துவிட்டால்? வேண்டாம் என்று ஒதுங்கியவன் பின்னால் அலைகிறாள் என்று ஆகிவிடுமே! படிவத்தை நிரப்பாமலே ஓரமாக வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டே லௌரிதான் விஷயத்தை உடைத்தாள்.

"பாவம்டீ அந்தக் கெத்தின். பேயறைஞ்ச மாதிரி திரியறான். உனக்கு ஊர்ல ஆள் இருக்குன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கா? ஆளா? யார் சொன்னது?"

"நீதான்! இன்னைக்கு அவனேதான் சொன்னான். வேல்ஷ்ல கேட்டானாம். சிரிச்சுக்கிட்டே 'இருக்கு'ன்னியாம்."

மாரென் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஓய்ஸ்னா... ஆமாம் தானே?"

லௌரி அவளையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி! எங்க பாஷையில எல்லாத்துக்கும் ஒரே ஆமா கிடையாதுடீ. வர்றியான்னா வர்றேன்னு சொல்லணும். பார்த்தியான்னா பார்த்தேன்னு சொல்லணும். ஓய்ஸ்னா 'இருக்கு'ன்னு அர்த்தம். எங்கம்மா பால் இருக்கா, ரொட்டி இருக்கான்னு கேப்பாங்க... நான் 'இருக்கு'ன்னு சொல்வேன்!"

நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்றுதானே நாமும் சொல்கிறோம்? நெப்ராஸ்காப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் விடிந்தது.

"அப்போ... கரியாட்?"

"கண்ணுன்னும் சொல்லலாம், காதலன்னும் சொல்லலாம். அவன் கேட்டது, 'உனக்குக் காதலன் இருக்கானா?'ன்னு!"

மாரென் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டிருக்கிறான். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குத்தானா இவள் மேசை அதிர அப்படி ஒரு பதிலைச் சொன்னாள்!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸில் அவள் இருந்தாள். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்லக்கூட நாக்குப் புரளவில்லை.

பண்ணை வாசலில் கெத்தினின் அம்மா வாளியோடு நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அந்த நெப்ராஸ்கா?"

"ஆமாம், மிசஸ் பியூ..."

"பட்டியில இருக்கான். மூணு வாரமா ஆடுகிட்டகூட முகம் குடுத்துப் பேசல. போய் என்னன்னு கேளு."

எந்தப் பெட்டையோடு சேர்ந்தது என்று அடையாளம் தெரிவதற்காக, கெத்தின் ஒரு கிடாயின் மார்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். முழங்கை வரை நீலம். மாரென் கல்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, ராத்திரி முழுக்கச் சொல்லிப் பழகியதைக் கத்தினாள்.

"நாக் ஓய்ஸ்!"

முதலில் கிடா திரும்பியது. பிறகு அவன்.

"என்னது?"

"அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில். இல்ல! யாரும் இல்ல. நெப்ராஸ்காலயும் இல்ல, வேற எங்கயும் இல்ல!"

"நீதானே... அவ்வளவு சந்தோஷமாச் சிரிச்சு..."

"நீ என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டேன்னு நெனச்சேன்டா, மடையா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் குப்பென்று சிவந்தது. கெத்தின் கிடாயை விட்டுவிட்டான். அது ஓடியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"அதுக்கா... அதுக்கா அப்படிச் சிரிச்சே?"

அவள் சுவரில் இருந்த பாசியைச் சுரண்டினாள். தூறல் போட ஆரம்பித்தது.

"அந்தக் கேள்வி தாள்ல இல்ல, மாரென்" என்றான் அவன். "நானாக் கேட்டது. நாலு வாரமா மனசுக்குள்ள கேட்டுப் பார்த்துட்டுக் கேட்டது." குரல் இறங்கியது. "இப்ப என்ன பிரயோஜனம்? இன்னும் கொஞ்ச நாள்ல நீ போயிடுவே..."

"போகல. காலையில ஆபீஸ் தொறந்ததும் படிவத்தைக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். ஜூன் வரைக்கும் இங்கதான்."

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "எனக்காகவா?"

"ஆசையைப் பாரு! இங்க இருக்கணும்னு நெனச்சதுக்கு நீ காரணமே இல்ல. போயிடணும்னு நெனச்சதுக்குத்தான் நீ காரணம்."

கெத்தின் கல்சுவரை ஒட்டி வந்து நின்றான்.

"இன்னொருத்தனுக்குன்னு இருக்கிற பொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னு, நீ வர்ற பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்னேன்" என்றான். "தினமும் மழையில நின்னேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, மாரென். ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. ஜூன்ல நீ போயிட்டா என்ன செய்வேன்னு இப்பவே பயமா இருக்கு."

மாரெனின் கண் கலங்கிவிட்டது. எத்தனை பெரிய ஆள், எத்தனை சின்னப் பையன் மாதிரி நிற்கிறான்!

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள். "நானும் உன்னை விரும்பறேன், கெத்தின். அந்த பஸ் ஸ்டாப்புல உன்னைத் திட்டினப்பவே விழுந்துட்டேன்."

"கை பூரா சாயம்..." என்று அவன் தயங்கிப் பின்னால் மறைத்த கையை, அவள் சுவருக்கு மேலாக எட்டி இழுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"ஏற்கனவே மூணு வாரத்தை வீணாக்கிட்டோம்... இனிமே ஒரு நாளைக்கூட விடறதா இல்ல."