சாமி காலடியில் சாவி

சாவியில் இருந்த சிவப்புப் பொட்டு தானாக ஒருமுறை மின்னி அணைந்தது.

விளக்கேற்றக் குனிந்த ஜெயசித்ரா தீக்குச்சியும் கையுமாக அப்படியே நின்றாள். குலசாமி படத்துக்குக் கீழே, குங்குமமும் வாடின அரளியும் கிடந்த தட்டில் புதுக் காரின் சாவி இருந்தது. யாராவது கார்க் கதவின் பிடியைத் தொட்டால் கார் இந்தச் சாவியிடம் கேட்கும், நம்ம ஆள்தானா என்று. சாவி மின்னிப் பதில் சொல்லும். அதுவும் சாவி காருக்குப் பக்கத்தில் இருந்தால்தான். பூசை மாடத்துக்கும் போர்டிகோவுக்கும் நடுவில் ஒரு கூடம் முழுசாகக் கிடந்தது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். காரின் பக்கத்தில் யாரும் இல்லை. மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மட்டும், மாடு காதை விரிப்பதுபோல மெல்ல விரிந்துகொண்டிருந்தன.

அவள் புருசன் ராஜேஷுக்குப் போன் போட்டாள். அவன் பெரம்பலூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தான்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே சித்ரா! ரெண்டு பேரா வருவானுங்க. ஒருத்தன் சாவி இருக்கற சுவத்துக்கு வெளியில ஒரு பொட்டியப் புடிச்சிக்கிட்டு நிப்பான். இன்னொருத்தன் காருகிட்ட. சாவி பேசறத பொட்டி வாங்கி அங்க அனுப்பும். சாவி பக்கத்துலயே இருக்குன்னு காரு நெனச்சிக்கும். அத எடுத்து பிஸ்கட் தகர டப்பாவுல போட்டு இறுக்க மூடு, தகரத்தத் தாண்டி அது பேசறது வெளிய போவாது. நான் பஸ் ஏறப் போறேன்."

"மாமா சத்தம் போடுவாங்களே."

"அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசிக்கறேன் பேசிக்கறேன் என்று அவன் சொல்ல ஆரம்பித்து மூன்று வருசம் ஆகிறது.

டப்பா மூடிய சத்தம் கேட்டே மாமனார் ஆண்டவர் எழுந்து வந்துவிட்டார். எறையூர் சர்க்கரை ஆலையில் முப்பது வருசம் ஆட்களை மேய்த்த குரல் அது. வீட்டுக்குள்ளும் இறங்கவே இறங்காது.

"நாப்பத்தெட்டு நாளு சாமி காலடியில இருக்கட்டும்னு வேண்டி வச்சிருக்கேன். இன்னும் பதினேழு நாளு கெடக்கு. அத எடுத்து பிஸ்கட் டப்பாவுல அடைக்கிறியே, வூடு வெளங்குமா?"

"இல்லீங்க மாமா, அவங்கதான்..."

"அவன் கெடக்கான் வெறும்பய. சாமிகிட்ட இருக்கறத எவன் வந்து எடுத்துடுவான்?"

சாவி மறுபடி தட்டுக்குப் போயிற்று. பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவள் அப்பா உடையார்பாளையத்து முந்திரிக் கொல்லையை விற்று வாங்கித் தந்த கார் அது. அவள் ஓட்டிப் பழகத்தான் இன்னும் நல்ல நாள் அமையவில்லை. வயிறெரிய அடுப்படிக்குப் போனாள்.

ஏழரைக்குக் கரண்ட் போயிற்று.

அரியலூர் வெக்கை சும்மா இருக்குமா? சுவரெல்லாம் பகல் சூட்டைக் கக்கியது. எட்டு மாதக் குழந்தை இலக்கியா, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு வீறிட்டு அழுதது. ஆண்டவர் பெருமையாகச் சாவியை எடுத்து வந்தார். குழந்தையைப் பின் சீட்டில் படுக்க வைத்தார். கதவைப் பூட்டினார். வெளியில் நின்றபடியே சாவியை அழுத்தினார். கார் உறுமி, ஏசி ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்குள் அழுகை அடங்கியது.

"பூட்டியிருக்கு. சாவி உள்ள இல்லாம வண்டி ஒரு அடி நகராது. நான் இங்கயே நிக்கறேன், நீ போயி பாலக் காய்ச்சு."

சொல்லிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்துவிட்டுத்தான் வந்து நின்றார்.

போன் வெளிச்சத்தில் அவள் கூடத்தைக் கடந்தாள். பூசை மாடத்தின் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை, கருவேல முள், அதற்கப்பால் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. ஒயர் கருகினதுபோல, நெடுநேரம் வெயிலில் நின்ற ஆளின் வேர்வைபோல. சுவரின் மறுபக்கத்தில் ஏதோ உரசியது. சாக்குப் பையைக் காரையில் தேய்த்து இழுப்பதுபோல. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

சிவப்புப் பொட்டு மின்னியது.

சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். தகர டப்பா அடுப்படி அலமாரியில், நாலு எட்டு தூரம். அந்த நேரம் பார்த்து வாசலில் மாமனார் செருமினார். இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. தட்டிலேயே வைத்துவிட்டாள். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

பால் சூடேறியது. காரின் உறுமல் இங்கே வரை கேட்டது, அது கேட்கிற வரைக்கும் நிம்மதி. பிறகு டக்கென்று பூட்டுத் திறக்கும் சத்தம். கதவு ஒன்று மெத்தென்று சாத்தப்பட்டது. மாமா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார், பிள்ளை பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். என்ன ஏசினாலும் பேத்தி என்றால் அவருக்கு உயிர். அவளுக்கு மனசு கொஞ்சம் இளகக்கூடச் செய்தது.

கொல்லைப்புறக் குளியலறையில் செம்பு உருண்டது.

தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு செருமல்.

"ஏம்மா," கொல்லையிலிருந்து ஆண்டவரின் குரல் வந்தது. "பாப்பா அழுவுதா?"

கரண்டி கீழே விழுந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. ஓடினாள். கூடம். நிலைப்படி. கால் இடறியது. எழுந்தாள்.

போர்டிகோ காலி.

கேட் அகலத் திறந்து கிடந்தது. வெள்ளைப் புழுதியில் இரண்டு டயர் தடங்கள். வேறு தடமே இல்லை. லைட் போடாத வண்டியின் உறுமல் ரோட்டில் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமல் போயிற்று.

"ஐயோ எம் புள்ள!"

ஈரக் காலோடு வந்த ஆண்டவர் வாசலுக்கு ஓடவில்லை. நேராகப் பூசை மாடத்துக்குப் போனார். சாவியை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"சாவி இருக்கே," என்றார். அந்தக் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "பாரும்மா, இங்கதான் இருக்கு. எங்கயும் போவல. போவல பாரு..."

"பாவி மனுசா!" என்று அவர் சட்டையைப் பிடித்தாள். "டப்பாவுல வச்சேனே! வச்சத எடுத்தியே!"

அவர் விரலிடுக்கில் சிவப்பு மின்னியது.

அவள் சட்டையை விட்டாள். கார்தான் போய்விட்டதே. இப்போது யார் கேட்கிறார்கள்?

மறுபடி மின்னியது. சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கு இழுபடும் சத்தம் கிளம்பியது. படத்துக்குக் கீழிருந்து மெல்ல மேலேறி, ஆண்டவரின் கை இருந்த உயரத்துக்கு வந்து நின்றது. அவள் பக்கத்து ஜன்னலைத் திறந்து போன் வெளிச்சத்தை அடித்தாள். சுவரோரம் யாரும் இல்லை. புழுதியில் காலடிகூட இல்லை.

ஜன்னலை விட்டுத் திரும்பினாள். சாவி மின்னிக்கொண்டே இருந்தது, நிறுத்தாமல்.

சுவருக்குள்ளிருந்து, படத்துக்கு நேர் பின்னால், வெகு பக்கத்தில், இலக்கியா பாலுக்குச் சிணுங்கியது.