இழுப்பு என்று எழுதியவள்

வாவிக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு பீற்றிஸ் மீண்டும் வந்தாள். ஒரு வாரத்துக்கு மட்டும், லீவில் போன தாதிக்குப் பதிலாக. மாரி மழை காலையிலிருந்தே விடவில்லை. பகல் இரண்டு மணிக்கே வார்ட்டுக்குள் இருட்டிக் கிடந்தது, கரண்டும் போய்விட்டது. டொக்டர் கூட்டமொன்றுக்காக டவுனுக்குப் போயிருந்தார். நோயாளிகள் எவரும் இல்லை.

அப்படியிருந்தும் நாலாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

உள்ளே இழுக்கும்போது மெல்லிய, நீண்ட கீச்சு. வெளியே விடும்போது ஒரு நடுக்கம்.

பீற்றிஸ் திரையை விலக்கினாள். வெறுங்கட்டில். கஞ்சி போட்ட புதுச்சேலையின் மணம் மட்டும் அங்கே நின்றது.

அந்த மணம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நபீஸா. காத்தான்குடியிலிருந்து சேலைப் பொட்டலத்தோடு இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்து விற்கிறவர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், வாடிக்கை வீடொன்றில் இறால் கறியோடு சோறு சாப்பிட்டவர், அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, குரல் கம்மி இங்கே வந்து சேர்ந்தார். அன்றும் டொக்டர் இல்லை. தொடையில் அட்றினலின் ஊசி போட வேண்டும் என்று பீற்றிஸுக்கு நன்றாகவே தெரியும். நெஞ்சுக்கு ஏதும் செய்துவிட்டால் பழி தன் தலையில் விழுமே என்று பயந்தாள். அரிப்பை அடக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, "சரியாகிரும், நடந்து போய் அந்த நாலாம் கட்டில்ல படுங்க" என்றாள்.

நபீஸா எழுந்து மூன்று அடி வைத்தார். நாலாவது அடி வைக்கவில்லை.

சாவுக்குக் காரணம் 'இழுப்பு', ஆஸ்துமா, என்று ஏட்டில் எழுதினாள். வீட்டாருக்கும் அதையே சொன்னாள். மகள் நிஸ்மியா அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை நினைத்தால் பீற்றிஸுக்கு இன்றும் உடம்பு கூசும்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இராசதுரை என்ற கமக்காரரை அவர் மனைவி தாங்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"மிஸ், வயல் வட்டைக்குள்ள குளவி குத்திப்போட்டு! மனிசனுக்குக் கதைக்க ஏலாமக் கிடக்கு!"

முகம் ஊதிக் கண்கள் மூடியிருந்தன. மார்பெங்கும் சிவந்த தடிப்பு. மூச்சில் அதே கீச்சு.

பீற்றிஸின் கை, தட்டிலிருந்த அரிப்பு ஊசியை நோக்கிப் போனது.

"அது இல்ல, மகள்."

காதோரம். கஞ்சி மணம்.

அவள் அட்றினலின் குப்பியை உடைத்தாள். அரை மில்லிலீற்றர். சாரத்தை விலக்கி, தொடையின் வெளிப்புறத்தில் ஏற்றினாள். இராசதுரை எழும்பப் பார்த்தார்.

"எழும்பாதீங்க ஐயா! ஓரடியும் நடக்கப்படாது!"

கால்களை உயர்த்திப் படுக்கவைத்து ஒட்சிசன் கொடுத்தாள். அம்புலன்சுக்கு அறிவித்தாள். ஐந்து நிமிடம் போயும் மூச்சு இழுபடவே, இரண்டாவது ஊசியையும் போட்டாள்.

மெல்ல மெல்ல இராசதுரையின் மூச்சு சீரானது.

நாலாம் கட்டிலில் அது சீராகவில்லை.

வேலை முடிந்ததும் பீற்றிஸ் வீட்டுக்குப் போகவில்லை. மழையோடு ஸ்கூட்டியில் வாவிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிக்குப் போனாள். நிஸ்மியா முன்னறையில் கதிரை போட்டு இருக்கச் சொன்னாள். பீற்றிஸ் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

"உம்மாக்கு இழுப்பே இல்லயே எண்டு அண்டைக்கே நெனச்சன்," என்றாள் நிஸ்மியா. "மிஸ் சொல்றீங்க எண்டு நம்பினன். அந்த ஊசியப் போட்டிருந்தா உம்மா தப்பியிருப்பாவா?"



"தப்பியிருக்கலாம்," என்றாள் பீற்றிஸ்.

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

நிஸ்மியா அழவில்லை. எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"நீங்க போங்க மிஸ்."

பீற்றிஸ் படியிறங்கித் திரும்பிப் பார்த்தாள். நிஸ்மியாவின் கண்கள் அவள்மேல் இல்லை. உள்ளே, முன்னறையின் மூலையைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னாள்:

"ஒங்களோட வந்தவங்க இரிக்கட்டும்."

பீற்றிஸ் தனியாகத்தான் வந்திருந்தாள்.