மார்த்தா பெல்விக்கின் ஐந்தாம் பக்கம்

மெல்பேர்ன் புறநகரான மல்கிரேவில் பேருந்தை விட்டு லதீஸ் இறங்கியபோது காலை பத்து மணி. ஜூலை மாதத்துக் குளிர் ஜாக்கெட்டைத் தாண்டி விலா எலும்புவரை வந்து போனது. தெருவின் கடைசி வீட்டு வாசலில் இரஞ்சிதம் அன்ரி காரின் எஞ்சினைக்கூட நிறுத்தாமல், வீட்டுச் சாவியைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.

"இந்தாரும் திறப்பு, தம்பி. புத்தகங்களைப் பெட்டியில அடுக்கினால் சரி. சனிக்கிழமை லைப்ரரிக்காரர் வந்து ஏத்துவினம்."

"நீங்கள் உள்ளுக்க வரேல்லையோ, அன்ரி?"

"எனக்குத் தூசு ஒத்துவராது," என்றார் அவர், வீட்டைப் பார்க்காமலே.

வீடு அவருடைய அண்ணன் வரதராஜாவுடையது. நாற்பது வருடம் பல்கலைக்கழகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்களைப் பற்றிப் பாடம் எடுத்தவர். கல்யாணம் கட்டாதவர். இரண்டு மாதத்துக்கு முன் இந்த வீட்டிலேயே, வாசிப்பு அறைக் கதிரையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனவர்.

லதீஸுக்கு இது மூன்று நாள் வேலை, அவ்வளவுதான். அவன் மனமெல்லாம் சனிக்கிழமையில் இருந்தது. படகில் வந்து இறங்கிப் பதின்மூன்று வருடம் கழித்து, விசா கிடைத்து, மனைவி பிரவீணாவும் மகள் தர்ஷனாவும் அன்றைக்குத்தான் வந்து சேருகிறார்கள். அவன் புறப்பட்டபோது மகளுக்கு எட்டு மாதம். வீடியோவில் பேச வேண்டுமென்றால் ஊரில் லைன் இழுபடும். படம் உறைந்து போகும். குரல் மட்டும்தான் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆகவே அவளுக்கு அப்பா என்றால் ஒரு குரல். பல் விழுந்த கதையைக் கேட்டது அந்தக் குரல். பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும், காய்ச்சல் இரவுகளில் பாட்டுப் பாடியதும் அதுதான்.

வாசிப்பு அறையில் பழைய தோல் அட்டையின் வாசமும் ஓடிக்கொலோன் திரவியத்தின் வாசமும் கலந்து கிடந்தன. செத்தவரின் ஓடிக்கொலோன் இரண்டு மாதமா மணக்கும் என்று யோசித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தான்.

மேசையில் ஒரு கடிதக் கட்டு இருந்தது. மேலே பேராசிரியரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு. மார்த்தா பெல்விக், பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன். பாதிரிமாருக்குப் பிரசங்கமும், பிரபுக்களுக்குக் கவிதையும், நாடகக் கொட்டகைக்காரருக்கு வசனமும் எழுதிக் கொடுத்தவள். ஒன்றிலும் அவள் பெயர் அச்சாகவில்லை. ஊரே அவள் சொற்களைப் பேசியது. அவளோடு பேசத்தான் ஒருவரும் இருக்கவில்லை. கடல் கடந்துபோன தங்கைக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதினாள். ஒரு பதிலும் வந்ததாகத் தெரியவில்லை.

லதீஸ் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாக இருந்தவன். ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப் பிழை பார்ப்பார். அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. எழுத்தைக் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும். மேலிருந்த ஆங்கிலக் கடிதத்தை எடுத்து உரக்க வாசித்தான்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், வலது மூலையில், அடுத்த பக்கத்தின் முதல் சொல் மட்டும் தனியாக எழுதப்பட்டிருந்தது. தாள்கள் குழம்பிப் போகாமலிருக்க அந்தக் காலத்தவர்கள் கண்டுபிடித்த வழி. அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. நேரம் போனதே தெரியவில்லை. பெட்டிகள் காலியாகக் கிடக்க, பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசிக் கடிதத்தின் நாலாம் பக்கத்துக்கு வந்திருந்தான்.

அடியில் ஒரு சொல். 'ஹூ'.

யார்?

ஐந்தாம் பக்கத்தைக் காணவில்லை. கட்டைப் புரட்டினான். மேசையைத் துழாவினான். ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் எழுதியிருந்தார்: 'முப்பது வருடமாகத் தேடுகிறேன்.'

லதீஸ் அந்தச் சொல்லை இன்னொரு தரம் உரக்கச் சொல்லி நிறுத்தினான்.

நடைவழியில் ஒருவர் இருமினார்.

வயது போன ஆண் குரல். தெளிவான யாழ்ப்பாணத் தமிழ்.

"ஆர் அது?"

அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அச்சகத்தில் வாசிப்பவர் களைத்துப்போனால் அடுத்தவர் வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆறு வருடம் ஊறிப்போன பழக்கம் நாக்கை முந்திக்கொண்டது.

"நான்தான். லதீஸ்."

நீண்ட பெருமூச்சொன்று கேட்டது. பாரம் இறக்கிய மனிதனின் மூச்சு.

"அப்பாடா."

நடைவழியில் ஆளில்லை. குசினியிலும் இல்லை. முன்கதவு பூட்டியபடியே இருந்தது. திரும்பி வந்தபோது ஓடிக்கொலோன் வாசம் அடியோடு போயிருந்தது.

பயந்தானா என்றால், பயந்தான். ஆனாலும் மறுநாள், வியாழக்கிழமை, போனான். இந்த நாட்டில் பதின்மூன்று வருடமாக அவனிடம் யாரும் 'ஆர் அது' என்று கேட்டதில்லை. வேலைத்தலத்தில் அவன் ஒரு நம்பர். அவன் தங்கியிருந்த நோபிள் பார்க் அறையில் ஒரு கட்டில், ஒரு சோற்றுப்பானை. இந்த வீட்டில் அவன் வாசித்தால் எதுவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. சுவர்கள் கிட்ட வந்து காது வைப்பதுபோல் இருந்தது. மறுபடி முதல் கடிதத்திலிருந்து தொடங்கினான். ஒரு புத்தகம் பெட்டிக்குள் வைப்பான், ஒரு கடிதம் வாசிப்பான். மாலையில் தொண்டை கரகரத்தது.

ஊருக்கு அழைத்தபோது பிரவீணா தடிமனோ, சளியோ என்று கேட்டாள். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னாள். சூட்கேசில் பனங்கிழங்கு ஒடியல் மாவுக்கு இடமில்லையென்று புலம்பினாள். பிறகு தர்ஷனா போனைப் பறித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்கட குரல் தேயுது."

"தேயிறதுக்கு அது என்ன சவர்க்காரக் கட்டியோ?"

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். காற்று மட்டும்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை அவன் உறுதியாகத்தான் போனான். கடிதக் கட்டைத் தொடுவதில்லை. மிச்சப் புத்தகங்களை அடுக்கிப் பெட்டிகளை ஒட்டுவது, கதவைப் பூட்டுவது, போவது.

கட்டு மேசையில் அவிழ்ந்து கிடந்தது.

நாலாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாள்.

மை இன்னும் காயவில்லை.

குனிந்து பார்த்தான். அதே சாய்ந்த கையெழுத்து, அதே பழைய ஆங்கிலம். 'யார் என்று கேட்டேன். பெயர் சொன்னாய். என் சொற்களை எல்லோரும் தங்கள் குரலில் பேசினார்கள், லதீஸ். எனக்கென்று ஒரு குரல் இருந்ததே இல்லை. இந்த வீட்டுக் கிழவனுடைய குரல் நன்றாகத்தான் உழைத்தது. இப்போது தேய்ந்துவிட்டது.'

அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டுதான் வாசித்தான்.

ஆனாலும் அறைக்குள் ஒரு குரல் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தது.

அவனுடைய குரல்.

ஜாக்கெட்டைக்கூட எடுக்காமல் ஓடினான். திறப்பை வீட்டுத் தபால் பெட்டிக்குள் போட்டான். பேருந்துச் சாரதியிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. விரலால் காட்டினான். அன்றிரவு பிரவீணாவுக்கு ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினான்: தொண்டை சரியில்லை, நாளைக்கு நேரில் கதைப்பம்.

சனிக்கிழமை மத்தியானம் மெல்பேர்ன் விமான நிலையத்தில், வருகை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து சுடுதண்ணீர், தேன், இஞ்சி. தனக்குள் ஒரே ஒரு சொல்லைப் பழகிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒன்றாவது வந்தால் போதும்.

கண்ணாடிக் கதவு விலகியது. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பிரவீணா. கொஞ்சம் நரைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் உயரமாக ஒரு பெண்பிள்ளை. அவன் மூக்கு, அவன் நெற்றி. அவள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். படங்களில் பார்த்த முகத்தை நேரில் நம்பச் சிரமப்படுவதுபோல் அவனையே பார்த்தாள். அவன் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

லதீஸ் வாயைத் திறந்தான்.

கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஒன்றும் வரவில்லை.

"இவர்தானோ அம்மா?" என்றாள் தர்ஷனா மெதுவாக.

அவன் கையிலிருந்த போன் அடித்தது. இரஞ்சிதம் அன்ரி. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்திவிட்டது.

"தம்பி, உள்ளுக்க நிண்டு என்ன வாசிக்கிறீர்? லைப்ரரிக்காரர் லொறியோட நிக்கினம். திறப்பு திரும்புதில்லை. கதவைத் திறவும்." பிறகு அவருடைய குரல் தாழ்ந்தது. "அண்ணைக்கும் கடைசி ரெண்டு வருசம் வெளியில குரல் வரேல்லை. இந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் கேட்டது. செத்த பிறகும் கேட்டது. நான் உமக்குச் சொல்லியிருக்கவேணும்."

அவர் போனைக் கதவோடு வைத்திருக்க வேண்டும். திருத்தமான உச்சரிப்பில், கொஞ்சமும் கரகரப்பில்லாமல், ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனது.

தர்ஷனாவின் முகம் மலர்ந்தது. எதிரே நின்ற மனிதனை விட்டுவிட்டுப் போனை நோக்கிக் குனிந்தாள்.

"அப்பா? எங்க நிக்கிறியள்?"

வாசிப்பு நின்றது.

தாள் ஒன்று புரளும் ஓசை.

லதீஸ் போனை அணைப்பதற்குள், அவன் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் உச்சரித்திராத சொல்லை, பதின்மூன்று வருடத்து அன்பையும் கூட்டி, அது சொன்னது.

"மகள்."