அசையாமல் படுத்திருப்பவர்

லிஃப்ட் கீழே போய் நின்றதும் அந்த வாடை வந்தது. குளிர்ந்த இரும்பும் தரை துடைக்கும் மருந்தும் கலந்த வாடை. இத்தனை வருடமாக மூக்குக்கு உறைக்காதது, நீண்ட விடுப்பு முடிந்து வேலைக்கு வந்தவளுக்கு இன்று உறைத்தது.

அவளும் அவள் கணவரும் அந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மனித உடம்பிலிருந்து கிளம்பும் கதிர்களை எண்ணுவதுதான் வேலை. அதற்கென்று மண்ணுக்கடியில் ஓர் இரும்பு அறை. அணுகுண்டுகள் வெடிக்காத காலத்தில் உருக்கிய பழைய கப்பல் இரும்பு என்பதால் அதில் கதிரியக்கக் கறை கிடையாது. உள்ளே ஒரு படுக்கை. அதன் அடியில் இடமும் வலமுமாக இரண்டு கருவிகள் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஊர்ந்து போகும். மனிதச் சதையில் இருக்கும் பொட்டாசியம் எந்நேரமும் துளித்துளியாகக் கதிர் வீசுகிறது. கருவிகள் அதை எண்ணி, வெளியே உள்ள திரையில் மங்கலான உருவமாக வரையும்.

கருவியைச் சரிபார்க்க எப்போதும் அவர்தான் படுப்பார். சின்ன வயதில் ஒரு விபத்தில் வலது கால் முழங்காலோடு போய்விட்டது. செயற்கைக் காலில் உலோகம் இருப்பதால் அதைக் கழற்றி வெளியே பெஞ்சில் வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் தாவிப் போவார். "முக்கால் ஆள் வந்தாச்சு, கணக்கைக் குறைச்சுப் போடு" என்பார். படுத்தவுடன் தூங்கியும் விடுவார்.

வெளியேறும் வழியில், கை கால்களைப் பலகைகளில் வைத்தால் கதிரியக்கத் தூசு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒருமுறை வேண்டுமென்றே செயற்கைக் காலைப் பலகையில் வைக்காமல் தூக்கிக்கொண்டு நின்றார். "வலது காலை வைக்கவும்" என்றது அது. "இருந்தா வைக்க மாட்டேனா?" என்று அதனோடு சண்டைக்குப் போனார். பிறகு அவளுக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் தினமும் செய்வது.

இரும்பு அறைக்கு ஒரே ஒரு சட்டம். வெளியே இருப்பவர் ஒலிபெருக்கியில் 'போதும், எழுந்திருங்க' என்று சொல்லும்வரை உள்ளே படுத்திருப்பவர் அசையக் கூடாது.

அவர் கடைசியாகப் படுத்த அன்று எண்ணிக்கை சீராக ஏறியது. படத்தில் ஒரு பிசிறு இல்லை. மனுஷன் இன்றைக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று அவள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டாள். முடிந்ததும், நேரில் போய்த் தட்டி எழுப்பலாம் என்று ஒலிபெருக்கியைத் தொடாமலே கதவைத் திறந்தாள்.

அவர் உடம்பு சில்லிட்டிருந்தது.

படுத்த கொஞ்ச நேரத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். உயிர் போனாலும் பொட்டாசியம் போவதில்லை, எண்ணிக்கை குறையாது. அவளுக்குத் தெரியாத பாடமா? இருந்தும் அந்தத் திரையைப் பார்த்து அவர் சுகமாகத் தூங்குகிறார் என்று நம்பி உட்கார்ந்திருந்தாள்.

இன்று அவளை வரவேற்ற இளநிலைப் பொறியாளன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அவளை அக்கா என்றும், அவள் அவனைத் தம்பி என்றும் அழைத்துப் பழகியவர்கள்தான். பெஞ்சில் அவர் கழற்றி வைத்த கால், ஷூவும் காலுறையுமாக அப்படியே நின்றது. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லையாம்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். எதை அளப்பதற்கு முன்னாலும் வெறும் அறையை அளந்து, அந்தக் கணக்கைக் கழிக்க வேண்டும். அவர் போனதிலிருந்து வெறும் அறை வெறுமையாக இல்லை. சுவரைக் கழுவினார்கள். மெத்தையை மாற்றினார்கள். கருவியையே மாற்றிப் பார்த்துவிட்டார்கள். தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் பாக்கி. எது வந்தாலும் கழித்துவிட்டு நாளை வேலையைத் தொடங்குங்கள் என்று ஆய்வுக்கூடத் தலைவர் உத்தரவு போட்டுவிட்டார்.

"எவ்வளவு வருது?"

"ஓர் ஆள் படுத்திருந்தா வர்ற அளவு..." குரலைத் தாழ்த்தினான். "அதைவிடக் கொஞ்சம் கம்மி."

கொஞ்சம் கம்மி.

அவள் உள்ளே போய்ப் படுக்கையைத் தடவிப் பார்த்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினாள். மொத்தக் கணக்கை மட்டும்தான் இதுவரை எடுத்திருந்தார்கள். அவள் படம் எடுக்கும் விசையை அழுத்தினாள்.

கருவிகள் ஊர்ந்தன. திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது.

பிறகு ஒரு தலை.

தோள்கள். வயிற்றின் மேல் கோத்த கைகள். தொடைகள். இடது கால் குதிகால்வரை தெளிவாக வந்தது.

வலது கால் முழங்காலோடு நின்றது.

"அக்கா, மேல போயிடலாம் வாங்க" என்று கிசுகிசுத்தான் தம்பி. அவள் நகரவில்லை. அவன் பேயறைந்தவன்போல லிஃப்டை நோக்கி ஓடினான்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். நாளை முதல் கழிக்காமல் விட்டால் போதும். கருவி கோளாறு என்று எதையாவது சொல்லித் தினமும் வந்து பார்க்கலாம். இதையாவது யாரும் பறிக்க முடியாதே.

திரையைத் தொட்டாள். கோத்த கைகள் கோத்தபடியே இருந்தன. தூக்கத்தில்கூட ஒருமுறையாவது புரள்கிற மனுஷன் அவர். இந்தப் படத்தில் ஒரு பிசிறு இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கு அவள் சொல்லவே இல்லை.

அந்தக் குளிரில், அந்த இருட்டில், அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று அசையாமல் காத்துக் கிடக்கிறார். சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் கிடப்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினாள், கையை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

"போதுங்க," என்றாள். "முடிஞ்சிடுச்சு. எழுந்திருங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு படம் கலங்கியது. ஆள் அசைந்தால் கலங்குமே, அப்படி. எத்தனை தடவை இதற்காக அவரைத் திட்டியிருக்கிறாள்! உருவம் கரைந்து திரை கறுத்தது. எண்ணிக்கை சரிந்து அடிமட்டத்துக்குப் போனது.

இரும்புக்குள் படுக்கை கிறீச்சிட்டது.

தொம்.

ஒற்றைக் கால் தாவும் சத்தம்.

தொம்.

கதவுக்கு மறுபக்கம் வந்து நின்றது. அவள் போய்த் திறந்துவிட்டாள். யாரும் இல்லை. குளிர்ந்த காற்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது.

பெஞ்சிலிருந்த காலைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்துக்கொண்டு வெளியேறும் வழிக்கு வந்தாள். இயந்திரத்தின் முன் நின்று முந்தானையால் முகம் துடைத்தாள். இன்னும் அவள் கையையோ காலையோ அதில் வைக்கவில்லை.

இடது கை விளக்கு பச்சையாக எரிந்தது. வலது கை விளக்கு எரிந்தது. இடது கால் விளக்கும் எரிந்தது.

"வலது காலை வைக்கவும்" என்றது இயந்திரம்.

அவள் கையிலிருந்த காலைப் பார்த்தாள்.

"வலது காலை வைக்கவும்."

அவள் குனிந்து, கையிலிருந்த காலை ஷூவோடு வலது பலகையின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தம். போகலாம்."

வாசல் கதவு திறந்தது. திறந்த கையோடு தானாக மூடிக்கொள்ளும் கதவு அது. அவள் அவர் காலை இயந்திரத்தின்மேல் சாய்த்து வைத்து, தன் கைகளையும் கால்களையும் பதித்து, தன் சுத்தத்தையும் கேட்டுக்கொண்டாள். காலை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

கதவு இன்னும் மூடவில்லை. அவள் தாண்டிப் போகும்வரை அது அப்படியே நின்றது.