பச்சைப் பயிற்சி

காலை ஐந்தரைக்குப் பச்சைப் பயிற்சி. விடுதி மாணவிகள் நூற்றிருபது பேர் காதில் மனமானியை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேடையில், தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, செவிலியர் ஜெயசீலி.

"நாக்கை மேலண்ணத்துல ஒட்டுங்க. நாலு எண்ணி மூச்சை விடுங்க. மனசுல வெறும் வெள்ளைச் சுவர்."

வியர்வையையும் நாடித்துடிப்பையும் வைத்து மனத்தின் நிலையை அளக்கும் சிறு கருவி அது. மனம் நலமென்றால் பச்சை எரியும். சிவப்பு எரிந்தால் அந்தப் பிள்ளையை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் சிவப்பே இல்லாத பள்ளிக்குப் பாராட்டுப் பத்திரம் என்று ஒரு வரியையும் எவனோ சேர்த்துவிட்டான். நம்மவர்களுக்கு அது போதாதா? மறு மாதமே மாதிரித் தேர்வு, கைடு, சிறப்பு வகுப்பு எல்லாம் வந்துவிட்டன. வாசலில் 'மனநலத்தில் நூற்றுக்கு நூறு' என்று பேனர் கட்டினார்கள். பிள்ளைகளின் மனநலத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஜெயசீலியையே பயிற்சியாளராக்கினார்கள். முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டும்.

பேனரில் சிரித்துக்கொண்டிருந்த பன்னிரண்டாம் வகுப்பு இதழினி, அன்று மதியம் மருத்துவ அறைக்கு வந்தாள்.

"செத்துப் போயிடலாம்னு தோணிட்டே இருக்கு மேடம். தீபாவளி லீவு முடிஞ்சு வந்ததுல இருந்து. எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அவள் காதில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

ஜெயசீலி அவளை முதல்வர் அறைக்கு அழைத்துப் போனாள். முதல்வர் கனகசபாபதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவேயில்லை. காதை மட்டும் பார்த்தார்.

"பச்சையில அனுப்புனா, பொய் ரிப்போர்ட்டுன்னு எம்மேலதானுங்க கேஸ் வரும். சிவப்பு வரட்டும், நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"அடக்காதே இதழினி. எல்லாத்தையும் நினைச்சுப் பாரு. நல்லா அழு" என்றாள் ஜெயசீலி.

அவள் முயன்றாள். கண்ணீர் வழிந்து காலர் நனைந்தது, தோள்கள் குலுங்கின. பச்சை அசையவில்லை. இரண்டு வருடப் பயிற்சி உடம்பில் ஊறியிருந்தது. அழத் தொடங்கியதுமே நாடி தானாக அடங்கிக்கொண்டது.

"வரமாட்டேங்குது மேடம்" என்றாள், தேர்வில் தோற்றவள் போல.

"அருமையான பொண்ணுங்க" என்று முதல்வர் டீயை உறிஞ்சினார். ஜெயசீலிக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா! இதழினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பள்ளி நேரத்தில், காதில் சிவப்பு எரிந்தால்தான் வாசல் கதவு தானாகத் திறக்கும். தன் காதிலும் மனமானி இருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்குச் சிவப்பு வந்தாலே போதும், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். அவளுக்கு இருந்த அருவருப்புக்குக் கதவென்ன, மதிலே இடிந்து விழுந்திருக்க வேண்டும். முதல்வரை நினைத்தாள், பேனரை நினைத்தாள், மேடையில் நின்ற தன்னை நினைத்தாள். கதவோரம் குனிந்து குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்தாள்.

கதவு இருவரையும் அளந்தது.

"இருவரும் நலம். வகுப்புக்குத் திரும்புங்கள்."

இதழினி தன் துப்பட்டாவால் ஜெயசீலியின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க நல்லாத்தான் மேடம் சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.